படகுக்கு உள்பக்கம் இருந்தவள்

அந்தப் பட்டறையில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. முதல் நாளே பழைய பேக்கரிக்காரர் ஒருவர் எல்லாருக்கும் பேர் வைத்து முடித்துவிட்டார். முன்னால் என்ன வேலை பார்த்தாயோ அதுதான் இனி உன் பேர். வேலைதான் போய்விட்டது, பேராவது மிஞ்சட்டும் என்றார். அவர் பேக்கரி. அவள் பைண்டர்.

அவள் ஒரு அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள். தாளை மடிப்பது, அடுக்குவது, நூல் கோத்துத் தைப்பது, முதுகில் பசை தடவி அழுத்தி வைப்பது என்று கை தானாக ஓடும், வாய் பக்கத்து மேஜைக்காரியோடு பேசிக்கொண்டே இருக்கும். அச்சகம் ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஒரு ஷிஃப்ட் போனது, அப்புறம் ஒரு மெஷின் போனது, கடைசியில் சம்பளம் கொடுக்கிறவரையே காணோம். அதன் பிறகு அவள் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். வயதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது.

கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது வந்த வரன் எல்லாம் திரும்பிப் போயின. அப்பா போன பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அறை வாடகை கொடுக்க முடியாமல் போனதும் தங்கை தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துவைக்கிற மெஷின் வைத்திருந்த சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டார்கள். தங்கையின் கணவர் நல்ல மனிதர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அடுப்படிக்குள் அவள் இருக்கிறாளோ என்று வாசலிலேயே ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். தன் வீட்டில் ஒரு மனிதர் இப்படிச் செருமிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கூசும். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான் இந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னார்கள். நெடுநாள் வேலை இல்லாதவர்களுக்காக ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, படகு கட்டச் சொல்லித் தருவார்கள், போனால் மாத உதவி தொடரும், போகாவிட்டால் நிற்கும். தனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி நிமிரவே இல்லை. தண்ணீரில் யார் இறங்கச் சொன்னது, செய்து கொடுத்தால் போதும் என்றார். வீட்டில் வந்து சொன்னபோது தங்கை சிரித்து உருண்டாள். அக்காவும் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பட்டறை ஆற்றோரத்தில் ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரி. தரையில் இன்னும் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் இருந்தன. எந்த வெயிலிலும் சுவர் சில்லென்று இருக்கும். நடுவில் மரத்தாங்கிகள், ஓரத்தில் பிளைவுட் அடுக்கு. சொல்லிக்கொடுத்த மாஸ்டர் படகு ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். அவர் கற்றுக்கொடுத்த முறையில் ஆணியே கிடையாது. பிளைவுட்டை அளவாக வெட்டி, விளிம்பு நெடுகத் துளை போட்டு, பக்கத்துப் பலகையோடு செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். தைத்து முடித்தால் படகு வடிவம் வந்துவிடும். பிறகு தையலின் மேல் பிசின் பூசி, அது இறுகியதும் கம்பியை உருவிவிட வேண்டும். தைப்பது, ஒட்டுவது என்றதும் பேக்கரி அவளைப் பார்த்து, இது உங்க புத்தகம்தாம்மா, கொஞ்சம் பெருசு என்றார்.

படகைக் கவிழ்த்துப் போட்டுத் தைத்தார்கள். ஒருவர் அதற்கு அடியில் உட்கார்ந்து கம்பியை வளைத்து இரண்டு துளை வழியாக மேலே தள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் குறடால் முறுக்க வேண்டும். அவள் ஆள் சின்னவள் என்பதால் அடியில் உட்கார வைத்தார்கள். வெளியே நின்றவர் கிரேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தக் கிரேன்களை இப்போது ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டுகிறார்கள். கூண்டில் உட்கார்ந்து ஓட்டியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். பெரிய உடம்பு, பெரிய கை, சின்னக் குரல். மனைவி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊரில். மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். முதல் வாரம் முழுக்க அவர் பேசியது ஒரே சொல்தான். துளையில் கம்பி முனை எட்டிப் பார்த்ததும், "இழுக்கட்டுமா?" என்பார். "இழுங்க" என்பாள் அவள். கம்பி இறுகும்.

முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவர்கள் பேசியே இருக்க மாட்டார்கள். படகின் அடியில் ஒரு கூடாரம் மாதிரி இருட்டாக இருக்கும். துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும். அவளுக்குத் தெரிவது அவருடைய கட்டைவிரலும் குறடின் மூக்கும் மட்டும். அவருக்குத் தெரிவது கம்பி முனை மட்டும். ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார். இத்தனை வருஷமும் கூண்டுக்குள் தனியாகவே உட்கார்ந்திருந்தேன், கீழே நடக்கிறவர்களின் தலைதான் தெரியும், அதனால் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசினால் வார்த்தை வராது என்றார். இங்கே எந்த முகமும் இல்லையே, பேசுங்க என்றாள் அவள். மேலே ஒரு சிரிப்பும் கூடவே இருமலும் கேட்டன. அவருக்கு எப்போதும் ஒரு இருமல் உண்டு. துறைமுகத் தூசி, அதுக்கு மட்டும் வேலை போகல என்பார்.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. அவர் தன் மனைவியின் கடைசி நாட்களைச் சொன்னார். இவள் தங்கை வீட்டுத் துவைக்கிற மெஷினைப் பற்றிச் சொன்னாள். அது சுற்ற ஆரம்பித்தால் கட்டிலும் சேர்ந்து நகரும், தூங்கி எழுந்தால் திசை மாறியிருக்கும் என்றாள். அவர் அடுத்த நாள் வரும்போது நான்கு ரப்பர் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். மெஷின் காலுக்கு அடியில் வைங்க என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். வைத்துப் பார்த்தாள். கட்டில் நின்ற இடத்திலேயே நின்றது.

எல்லாரும் அவரை அண்ணே என்று கூப்பிட்டார்கள். அவர் அங்கிருந்த மற்றப் பெண்களைத் தங்கச்சி என்றார். அவள் முதலில் சார் என்று கூப்பிட்டாள். அவர் அது வேண்டாம் என்றார். சரி, அண்ணே என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சொல் வரவில்லை. ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் அவளை ஒரு நாளும் தங்கச்சி என்று சொன்னதில்லை. "இங்க பாருங்க", "கேக்குதா" என்று வைத்தே இரண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள்.

முதல் படகு தைத்து முடிந்த அன்று மாஸ்டர் ஒரு முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் நெடுக்காகப் பார்த்தார். படகு கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. மூஞ்சி கோணிப் போயிருக்கு, எல்லாத்தையும் வெட்டிட்டு மறுபடி தைங்க என்றார். பட்டறையே தலையில் கை வைத்தது. பேக்கரி, எங்க கடையில கேக் கோணினா நாங்களே தின்னுடுவோம், இதை என்ன பண்றது என்று புலம்பினார். அவள் அடியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"நல்லதாப் போச்சு."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. கம்பியைத் தள்ளினாள்.

முதல் படகு நிமிர்ந்து பிசின் பூச்சுக்குப் போனது. இரண்டாவது படகு தாங்கி ஏறியது. அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரு மருந்து குடோனில் பேக்கிங் பிரிவில் ஆள் கேட்கிறார்கள், வயது ஒரு பொருட்டில்லையாம். ஐந்தாறு வருஷமாக எந்தப் போனுக்குக் காத்திருந்தாளோ அந்தப் போன். தங்கை கேட்டதும் கட்டிக்கொண்டாள். தங்கையின் கணவர் இனிப்பு வாங்கி வந்தார். அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி என்று அவள் பார்த்தாள். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பட்டறையின் விதி எல்லாருக்கும் தெரியும். வேலை கிடைத்தவர் போய்விட வேண்டும். அந்த இடம் இன்னொருவருக்கு. பட்டறை நடப்பதே அதற்குத்தான். யாருக்காவது வேலை கிடைத்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் படகின் அடியில் உட்கார்ந்து, இரண்டு மூன்று தையல் போன பிறகு சொன்னாள்.

"வேலை வந்திருக்கு."

மேலே குறடு நின்றது.

"எங்க?"

"மருந்து குடோன்ல. பேக்கிங்."

"நின்னு பாக்குற வேலையா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

அவர் இருமினார். வழக்கத்தைவிட நீளமான இருமல். அவள் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்றுதான் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள்.

"சரின்னு சொல்லிடுங்க," என்றார். "இதுக்குத்தானே இங்க வந்தோம்."

"ஆமா."

"இழுக்கட்டுமா?"

"இழுங்க."

கடைசி நாள் கை தட்டினார்கள். பேக்கரி விசில் அடித்தார். கிரேன் அப்போது பின்பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். முதல் தடவையாக நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"படகு தண்ணியில இறங்குற அன்னைக்கு வருவீங்கல்ல?"

"வராம இருப்பேனா?"

"ஞாயித்துக்கிழமையா வைக்கச் சொல்றேன் மாஸ்டர்கிட்ட. உங்களுக்கு லீவா இருக்கும்."

போன் நம்பர் கேட்பார் என்று அவள் நின்றாள். அவள் கேட்பாள் என்று அவரும் நின்றாரோ என்னவோ. தினமும் பார்த்துக்கொண்டவர்களுக்கு நம்பர் எதற்கு. கேட்டால் அது வேறு ஏதோ ஒன்றைக் கேட்பது போல ஆகிவிடும். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. இருவரும் வழியை விட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். அவள் அப்படியே நடந்துவிட்டாள்.

குடோனில் பெல்ட் மேல் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். திரையில் மருந்தின் பேர் வரும். எடுத்து, பொருத்தி, ஒட்டி, அடுத்த பெல்ட்டில் தள்ள வேண்டும். காதில் சத்தத்துக்கு அடைப்பு வைத்திருப்பதால் பக்கத்தில் நிற்பவளோடு பேச வழியில்லை. வேலை நேரம் பட்டறை நேரத்தோடு சரியாக மோதியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று பட்டறை வரை போனாள். பூட்டியிருந்தது. கேட் இடுக்கு வழியாகப் பார்த்தாள். இரண்டாவது படகு தாங்கியிலேயே கவிழ்ந்து கிடந்தது, பாதித் தையலோடு.

படகு இறங்கும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான் என்று பட்டறையிலிருந்து எல்லாருக்கும் செய்தி வந்தது. அதைப் பார்த்ததும் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். சொன்னபடி செய்துவிட்டார். தங்கையின் நல்ல உடுப்பு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஊழியர் விலையில் வாங்கிய இருமல் மிட்டாய் டப்பா ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எங்கே இவ்வளவு பளபளப்பாக என்று தங்கை கேட்டாள். படகுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள் என்றாள்.

கரையில் கூட்டம் இருந்தது. முதலாவது நீலமாக, இரண்டாவது வெள்ளையாக, இரண்டு படகும் மணலில் நின்றன. பேக்கரி தூரத்திலேயே அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல மூச்சு விடாமல் பேசினார். நீங்க போனதும் உள்பக்கம் உக்கார ஒரு புது ஆளைக் கொடுத்தாங்க, கிரேன் அண்ணன் அவனை வேணாம்னு அனுப்பிட்டாரு தெரியுமா என்று சிரித்தார்.

"தானே உள்ள தவழ்ந்து போயி கம்பியத் தள்ளுவாரு, அப்புறம் வெளிய வந்து சுத்திப் போயி இழுப்பாரு. அந்த உடம்ப வெச்சுக்கிட்டு. ஒவ்வொரு தையலுக்கும் இதே கூத்து. நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். ரெண்டு ஆள் வேலைய ஒத்தையா பண்ணிட்டு, எனக்கு இதுதான் வசதின்னு சொல்றாரு."

அவளும் சிரித்தாள். கண் கூட்டத்தில் தேடிக்கொண்டே இருந்தது.

"எங்க அவரு?"

பேக்கரியின் வாய் அப்படியே நின்றது.

"உங்களுக்குத் தெரியாதா?"

மாஸ்டர்தான் வந்து சொன்னார். இரண்டு வாரம் ஆகிவிட்டது. இருமல் காய்ச்சலாக மாறியிருக்கிறது, அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நுரையீரல் முழுக்க நீர். மூன்று நான்கு நாள் இருந்தார். மகள் வந்துவிட்டாள். பட்டறையிலிருந்து எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், அடக்கத்துக்கும் போனார்கள்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "நம்பர் இருந்துச்சும்மா. உங்களுக்குச் சொல்லணும்னு தோணல. நீங்க வேலைக்குப் போயிட்டீங்களேன்னு... தப்புதான்."

அவளுக்கு அவர் மேல் வருத்தம் வரவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அவள் அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடமே பதில் இல்லையே.

மகளும் கரைக்கு வந்திருந்தாள். அப்பாவைப் போலவே பெரிய உடம்பு, கண் வீங்கியிருந்தது. மாஸ்டர் அவளைக் கூட்டி வந்து, இவங்களும் உங்க அப்பாவோட வேலை பார்த்தவங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"நீங்க என்ன வேலை பண்ணீங்க?" என்று மகள் கேட்டாள்.

"நான் உள்பக்கம். உங்க அப்பா வெளிப்பக்கம்."

மகளுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். அப்பா வாரா வாரம் போனில் இந்தப் பட்டறையைப் பற்றித்தான் பேசுவார் என்றாள். பேக்கரி அடித்த ஜோக்கைச் சொல்வார், மாஸ்டர் திட்டியதைச் சொல்வார், படகு கோணிப் போனதைச் சொன்னார். "உங்களப் பத்தி..." என்று யோசித்தாள். "சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல. தப்பா நினைக்காதீங்க."

"இல்லம்மா."

"அப்பாவுக்கு இங்க எல்லாரும் தங்கச்சிங்கதானே. அப்படிப் பாத்தா நீங்க எனக்கு அத்தை."

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாம்மா," என்றாள். "அத்தைதான்."

படகுகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். மாஸ்டர் அவளையும் மகளையும் வெள்ளைப் படகில் ஏறச் சொன்னார். தண்ணீர் பயம் என்று சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை. பேக்கரி துடுப்புப் போட்டார். மகள் கரையைப் பார்த்தபடி அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுகிறவளைத் தேற்ற வேண்டியிருந்தது. தான் அழுவதற்கு இடமில்லை. தையல் இருந்த விளிம்பில் பிசின் வழுவழுப்பாக இறுகியிருந்தது. எந்தத் தையல் அவள் தள்ளியது, எது அவரே தவழ்ந்து வந்து தள்ளியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பிகளை எல்லாம் உருவிவிட்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். எல்லாரையும் பற்றி மகளிடம் சொன்னவர் அவளைப் பற்றி ஏன் சொல்லவில்லை? சொல்வதற்கு ஒன்றும் இல்லாததாலா, இருந்ததாலா? ஒரு நிறுத்தம் வரை ஒன்று சரியாகத் தோன்றும். அடுத்த நிறுத்தத்தில் மற்றது. வீட்டில் தங்கையின் கணவர், படகு மிதந்துச்சா என்று கேட்டார். மிதந்துச்சு என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். குடோனில் சாவுக்கு லீவு உண்டு. ஆனால் இறந்தவர் என்ன உறவு என்று சொல்ல வேண்டும். அவள் கேட்கவே இல்லை. பெல்ட் ஓடியது. இருமல் மருந்து வந்தால் அதையும் எடுத்து, பொருத்தி, ஒட்டினாள். டப்பாவில் இருந்த மிட்டாயை வேலைக்குப் போகும்போது ஒவ்வொன்றாகத் தானே சாப்பிட்டுத் தீர்த்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து, குடோனுக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், தனியாக ஒரு குழாய். தங்கை வேண்டாம் வேண்டாம் என்றாள். பிறகு அவளே பாத்திரமும் படுக்கையும் கட்டிக்கொண்டு கூட வந்தாள். தங்கையின் கணவர் கட்டிலைத் தலையில் வைத்து மூன்று மாடியும் ஏற்றிக் கொடுத்தார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும் என்று கீழே போனார்.

தங்கை ஜன்னலுக்குத் துணி மாட்டிக்கொண்டே பேசினாள். அடுப்பை அந்த மூலையில் வை, தண்ணீரைப் பிடித்து வை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடு. சொல்லிக்கொண்டே திரும்பினாள். அக்கா வெறும் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் ஆரம்பித்தது, பிறகு தோள் குலுங்க, பிறகு மூச்சு முட்ட. அப்பா செத்தபோதுகூட அக்கா இப்படி அழுது தங்கை பார்த்ததில்லை. பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா இது. நான் என்ன கண்காணாத ஊர்லயா இருக்கேன்? பஸ்ஸுல ஏறினா கால் மணி நேரம். நினைச்சா நினைச்ச நேரம் வருவேன்."

தங்கையும் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அழக் காரணம் இருந்தது. பொறுக்க முடியாமல் என்றைக்கோ இரண்டு தரம் சிடுசிடுத்தது, அக்காவுக்குத் தெரியாமல் கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டது. அதையெல்லாம் சொல்லி மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோ என்றாள். அக்கா ஒன்றையும் திருத்தவில்லை. நீ ஒரு தப்பும் பண்ணலடி என்று மட்டும் சொன்னாள். தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அழுகை தீரும் மட்டும் அழுதாள்.

கீழே ஹாரன் கேட்டது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடு, தூங்கு, போன் பண்ணு என்று படி இறங்கும் வரை சொல்லிக்கொண்டே போனாள். வண்டி தெரு முனை திரும்புகிற வரை அவள் ஜன்னலில் நின்றாள். பிறகு குழாயைத் திறந்து முகம் கழுவினாள். இப்போது அவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாத்திர மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.